197121 என்ற குழு

விண்டோஸ் கணினியில் ‘கிட் பேஷ்’ நிறுவி நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டுக் கடந்தும் போயிருப்பார்கள். கறுப்புத் திரையில் ‘எல்எஸ் -எல்’ என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் விழும். முதலில் அனுமதி எழுத்துகள், சற்றுத் தள்ளி உரிமையாளரின் பெயர். அதற்கடுத்துக் குழுவின் பெயர் வரவேண்டிய இடத்தில் 197121 என்று நிற்கும். அடுத்த வரியிலும் அதே எண், அதற்கடுத்த வரியிலும் அதேதான். நண்பரின் மடிக்கணினியை வாங்கிப் பார்த்தால் அங்கேயும் 197121. அந்தக் கணினிக்கும் இந்தக் கணினிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த எண்ணை யாரும் சும்மா எழுதி வைக்கவில்லை. ஒரு கோப்பு யாருடையது, எந்தக் கூட்டத்துக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இரண்டு கம்ப்யூட்டர் பரம்பரைகள் இரண்டு விதமாகப் பதில் வைத்திருந்தன. ஒன்றின் பதிலை மற்றொன்றுக்குப் புரியவைக்கப் பலர் பல வருடங்கள் மல்லுக்கட்டினார்கள். அதில் மிஞ்சிய தழும்புதான் 197121.

முதல் பரம்பரை அமெரிக்காவின் நியூஜெர்ஸியில், மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அப்போது ஒரு கோப்பின் உரிமையாளரைக் குறித்துவைக்க வட்டில் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பைட். ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும், ஆகவே ஒரு கணினிக்கு அதிகபட்சம் 256 பேர். ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆட்களுக்கு அது தாராளம். அந்த முதல் யூனிக்ஸில் குழு என்ற சங்கதியே கிடையாது. உரிமையாளர், உரிமையாளர் அல்லாதவர் என்று இரண்டே சாதி. குழு பின்னால் சேர்ந்ததுதான். 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில் உரிமையாளர் எண்ணுக்கு ஒரு பைட், குழு எண்ணுக்கு ஒரு பைட் என்று இரண்டும் இருந்தன. 1979-இன் ஏழாம் பதிப்பு இரண்டையும் இரண்டிரண்டு பைட்டாக அகலப்படுத்தியது.

கவனிக்கவேண்டியது இதுதான்: யூனிக்ஸின் மையக்கரு எந்தக் காலத்திலும் பெயரைப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண். எந்த எண் யாருக்கு என்பதைச் சொல்வது ‘இடிசி’ அடைவில் கிடக்கும் ‘பாஸ்வேர்டு’ கோப்பு. அது சாதாரண எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு வரி, முக்காற்புள்ளிகளால் பிரித்த சில கட்டங்கள். பக்கத்திலேயே குழுக்களுக்கு என்று இன்னொரு கோப்பு. ஊர்ச் சாவடியில் தொங்கும் பேரேடு மாதிரி, அந்த ஊருக்கு மட்டும் செல்லுபடி. இந்தக் கணினியில் 501 வள்ளி என்றால், அடுத்த கணினியில் 501 வேறு யாராகவும் இருக்கலாம். வள்ளியின் கணக்கை நீக்கிவிட்டு அதே 501-ஐ நாளைக்கு வேலைக்கு வந்தவருக்குக் கொடுத்தால், வள்ளி விட்டுப்போன கோப்புகள் அத்தனையும் சத்தமில்லாமல் புதியவருக்குச் சொந்தமாகும்.

அந்தப் பேரேட்டின் ஒரு கட்டத்துக்கு ‘ஜெகோஸ்’ என்று பெயர். ஆய்வகத்தில் அச்சிடும் வேலையை ஜிகாஸ் என்ற இயங்குதளம் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்புவார்கள். அங்கே செல்லுபடியாகும் அடையாளத்தை எழுதிவைக்கத்தான் இந்தக் கட்டம். அதாவது, வேறொரு கணினியில் நான் யார் என்று சொல்ல யூனிக்ஸ் பிறந்த காலத்திலேயே ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு ஜிகாஸ் மறைந்து, அந்தக் கட்டத்தில் பயனரின் முழுப்பெயரை எழுதும் வழக்கம் வந்தது. இந்தக் கட்டத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

கணினிகள் வலையில் சேர்ந்ததும் ஊர்ப் பேரேட்டின் வண்டவாளம் வெளியே வந்தது. சன் நிறுவனம் 1980-களின் நடுவில் கொண்டுவந்த என்எஃப்எஸ், ஒரு கணினியின் வட்டை இன்னொன்றில் திறந்து காட்டியது. கேட்பவர் யார் என்பதை அது எப்படி அறிந்தது? கேட்கும் கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்பியது. கூடவே அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியலும் போகும், அதில் 16 குழுக்களுக்குமேல் இடமில்லை. பதினேழாவது குழுவால் கிடைக்கவேண்டிய அனுமதி காரணம் சொல்லாமல் மறுக்கப்படும். நாற்பது வருடம் ஆகியும் அந்த 16 பல இடங்களில் அட்மின்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. எல்லாக் கணினியிலும் ஒரே எண்கள் இருக்கவேண்டும் என்பதற்காகச் சன் ‘யெல்லோ பேஜஸ்’ என்ற பொதுப் பேரேட்டை வெளியிட்டது. பிரிட்டிஷ் டெலிகாம் அந்தப் பெயர் தன் வணிகச் சின்னம் என்றதும் என்ஐஎஸ் ஆக மாற்றிக்கொண்டது. ஆனாலும் கட்டளைகள் இன்றுவரை ‘ஒய்பி’ என்றுதான் தொடங்குகின்றன.

இரண்டாவது பரம்பரை வேறு மண்ணில் முளைத்தது. டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளத்தைக் கட்டியவர்களில் ஒருவரான டேவ் கட்லர் 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். அவர் தலைமையில் எழுந்த விண்டோஸ் என்டி 1993 ஜூலையில் வெளியானது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘ஆரஞ்சு புத்தகம்’ கேட்ட பாதுகாப்புத் தரத்தை எட்டவேண்டும், பெரிய நிறுவனங்களின் வலையில் ஓடவேண்டும் என்று முதல் நாளிலிருந்தே குறிவைத்துக் கட்டியது அது. அங்கே ஆளுக்கு ஊர் எண் இல்லை, குலம் கோத்திரத்தோடு ஒரு முழு முகவரியே உண்டு. அதன் பெயர் எஸ்ஐடி.

ஒரு எஸ்ஐடியைப் பிரித்துப் பார்க்கலாம். எஸ்-1-5-21 என்று தொடங்கும். அதையடுத்து மூன்று நீண்ட எண்கள், அவை அந்தக் கணினியையோ, பல கணினிகள் ஒரே பேரேட்டின்கீழ் சேர்ந்த டொமைனையோ குறிப்பவை. கடைசியில் ஒரு குட்டி எண். அதை ஆர்ஐடி என்பார்கள். முன்பகுதி ஊர், கடைசி எண் ஆள். 500 என்றால் அட்மினிஸ்ட்ரேட்டர், 501 என்றால் விருந்தாளிக் கணக்கு, 512 டொமைன் அட்மின்கள், 513 டொமைன் பயனர்கள். நாம் உருவாக்கும் சாதாரணக் கணக்குகள் 1000-இலிருந்து ஏறும். கணக்கை நீக்கினால் அந்த எண் திரும்ப யாருக்கும் போகாது. வள்ளியின் கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அவர் புது ஆள்தான். பழைய கோப்புகள் அவருக்குத் திறக்காது. ஜெர்மன் விண்டோஸில் ‘அட்மினிஸ்ட்ராட்டோரன்’ என்றும் பிரெஞ்சு விண்டோஸில் ‘அட்மினிஸ்ட்ராத்தர்’ என்றும் நிர்வாகிகள் குழுவின் பெயர் மாறும். எஸ்ஐடி எங்கேயும் எஸ்-1-5-32-544 தான்.

வடிவமைப்பாகப் பார்த்தால் விண்டோஸ் செய்தது தீர யோசித்த வேலை என்றே சொல்லவேண்டும். யூனிக்ஸ் பக்தர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

எண்ணின் நீளம் மட்டும் இடித்திருந்தால் ஒரு மாற்று அட்டவணை போட்டு முடித்திருக்கலாம். உண்மையான சிக்கல் குழுவில் இருந்தது. யூனிக்ஸில் ஆள் ஒரு வகை, குழு வேறு வகை. ஆளுக்கு ஒரு எண் வரிசை, குழுவுக்குத் தனி வரிசை. 501 என்ற ஆளும் இருக்கலாம், 501 என்ற குழுவும் இருக்கலாம், இரண்டுக்கும் தொடர்பே இல்லாமல். பெயரும் அப்படித்தான். யூனிக்ஸ் வழியைப் பின்பற்றும் ரெட் ஹாட் லினக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குழுவை உருவாக்கிக் கொடுக்கும்: வள்ளி என்ற ஆள், வள்ளி என்ற குழு. விண்டோஸில் இது நடக்காது. ஆளும் குழுவும் ஒரே பெயர்ப் பட்டியல், ஒரே எண் வரிசை. ஒரு பெயரை ஆள் எடுத்துக்கொண்டால் குழுவுக்கு அது கிடையாது.

இன்னொன்று, விண்டோஸில் குழுவும் கோப்புக்கு உரிமையாளராகலாம். நிர்வாகி ஒருவர் உருவாக்கிய கோப்பின் உரிமையாளர் இடத்தில் அவர் பெயர் இல்லாமல் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்ற குழு உட்கார்ந்திருப்பது அங்கே சகஜம். குழுவுக்குள் குழுவும் வைக்கலாம். யூனிக்ஸில் உரிமையாளர் கட்டத்தில் ஆளின் எண் மட்டுமே உட்காரும். கூட்டத்தைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைக்க அங்கே வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் என்டி பிறக்கும்போதே வயிற்றில் ஒரு குட்டி யூனிக்ஸைச் சுமந்து வந்தது. அமெரிக்க அரசு அலுவலகங்கள் வாங்கும் கணினிகளுக்குப் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் வழித் தரம் வேண்டும் என்ற விதி இருந்ததால், அந்தச் சந்தையை இழக்க விரும்பாத மைக்ரோசாஃப்ட் போசிக்ஸ் துணை அமைப்பு ஒன்றை உள்ளே வைத்தது. போசிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குழு இருந்தே ஆகவேண்டும். அதற்காக ஒவ்வொரு விண்டோஸ் பயனருக்கும் ‘முதன்மைக் குழு’ என்று ஒன்று ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் தன் சொந்த வேலைக்கு அதைச் சீண்டுவதேயில்லை. டொமைனில் ஒரு பயனரின் விவரத்தைத் திறந்தால் இன்றும் அந்த வரி இருக்கும். அது எதற்கு என்று புது அட்மின்கள் கேட்பதும், அதைத் தொடாதே என்று மூத்தவர்கள் சொல்வதும் அலுவலகம்தோறும் நடப்பது.

இந்த இரண்டு பரம்பரைகளையும் உண்மையில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த ஓர் ஆராய்ச்சி மாணவர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெலுக்கு, யூனிக்ஸ் கணினியிலிருந்த கோப்புகளை டாஸ் கணினியில் திறக்க வேண்டியிருந்தது. 1991 கடைசியில் வலையில் ஓடிய பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, அவற்றின் நெறிமுறையைப் பேசும் ஒரு சர்வரை எழுதினார். அந்த நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி என்றுகூட அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு ‘எஸ்எம்பி சர்வர்’ என்று பெயர் வைத்தால் இன்னொரு நிறுவனம் அது எங்கள் வணிகப் பெயர் என்றது. எஸ், எம், பி மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல் எது என்று கணினியின் அகராதிக் கோப்பிலேயே தேடினார். கிடைத்த சொற்களில் ஒன்று ‘சாம்பா’. பிரேசில் நாட்டு நடனத்துக்கும் இந்த மென்பொருளுக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

தொடக்கத்தில் சாம்பாவின் பெயர்ப் பொருத்தம் நேரடியானது. விண்டோஸில் வள்ளி என்றால் யூனிக்ஸிலும் வள்ளி. பெயர்கள் ஒத்துப்போகாவிட்டால் ஓர் எழுத்துக் கோப்பில், ‘ரூட் = அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். சர்வரின் உலகம் யூனிக்ஸ், விண்டோஸ் வெறும் விருந்தாளி. இந்தச் சர்வரே டொமைனின் எஜமானாக விரும்பியபோது, அதாவது என்டி டொமைன் ஒன்றைச் சாம்பாவே நடத்தவேண்டும் என்று வந்தபோதுதான், யூனிக்ஸ் ஆட்களுக்கும் குழுக்களுக்கும் எஸ்ஐடி தயாரிக்க வேண்டியதாயிற்று.

அதற்கு அவர்கள் பிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. யூனிக்ஸில் ஆளுக்கு ஒரு வரிசை, குழுவுக்கு ஒரு வரிசை. விண்டோஸில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே. இரண்டு வரிசைகளை ஒன்றில் மோதாமல் நுழைப்பது எப்படி? ஆள் எண்ணை இரட்டித்து 1000 கூட்டு, குழு எண்ணை இரட்டித்து 1001 கூட்டு. 501 என்ற ஆள் 2002 ஆவார், 501 என்ற குழு 2003 ஆகும். இரட்டைப்படை எல்லாம் ஆள், ஒற்றைப்படை எல்லாம் குழு. கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்று நாற்காலி விட்டு நாற்காலி உட்காரவைத்த கணக்கு. அட்டவணை தேவையில்லை, சேமிக்கவேண்டியது எதுவும் இல்லை, பென்சிலும் காகிதமும் போதும்.

ஆனால் 512, 513 போன்ற புகழ்பெற்ற குழுக்கள் இந்தக் கணக்கில் மாட்டவே மாட்டா, ஏனென்றால் அவை 1000-க்குக் கீழே. ஆகவே 2003 செப்டம்பரில் வந்த சாம்பா 3.0-இல் ‘நெட் குரூப்மேப்’ என்ற கட்டளை முக்கிய இடம் பிடித்தது. ‘டொமைன் அட்மின்ஸ்’ என்ற விண்டோஸ் குழு, 512 என்ற எண், யூனிக்ஸில் ‘என்டிஅட்மின்ஸ்’ என்ற குழு, மூன்றையும் ஒரே வரியில் முடிச்சுப் போடவேண்டும். முடிச்சுப் போட மறந்த சர்வரில் எல்லாரும் உள்ளே நுழையலாம், ஆனால் ஒருவருக்கும் நிர்வாக அதிகாரம் இருக்காது. அந்தக் காலத்துச் சாம்பா அட்மின் எவரைக் கேட்டாலும் இந்த ஒரு வரிக்காக ஓர் இரவாவது கண்விழித்த கதை கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்துச் சிக்கல் இதைவிடப் பெரியது. டொமைனை விண்டோஸ் நடத்துகிறது, லினக்ஸ் சர்வர் அதில் உறுப்பினர், ஆயிரக்கணக்கான விண்டோஸ் கணக்குகளுக்கு லினக்ஸில் எண் கொடுக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் கையால் கணக்குத் திறப்பது நடக்கிற காரியமல்ல. டிம் பாட்டரும் மற்றவர்களும் எழுதி 2001-இல் வெளியான ‘வின்பைண்ட்’ இதற்கு வழி செய்தது. அட்மின் 10000 முதல் 20000 வரை என்று ஓர் எல்லை வகுத்துக் கொடுப்பார். புதிய எஸ்ஐடி ஒன்று கண்ணில் படும்போதெல்லாம் வின்பைண்ட் அடுத்த எண்ணை எடுத்துக் கொடுத்து, தன் சின்னத் தரவுக் கோப்பில் குறித்துக்கொள்ளும். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பதுபோல, முதலில் வந்தவருக்கு முதல் எண்.

ஒரே கடையாக இருக்கும்வரை டோக்கன் முறை அருமை. இரண்டு லினக்ஸ் சர்வர்களை நினைத்துப் பாருங்கள். முதல் சர்வரில் திங்கட்கிழமை காலை வள்ளி நுழைகிறார், 10000. பிறகு கண்ணன் நுழைகிறார், 10001. இரண்டாவது சர்வரில் அன்று கண்ணன் முந்திக்கொள்கிறார். அங்கே கண்ணன் 10000, வள்ளி 10001. இரண்டு சர்வரும் தனித்தனியாக ஒழுங்காகவே ஓடும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து யாராவது முதல் சர்வரின் கோப்புகளைக் காப்புப் பிரதி எடுத்து இரண்டாவதில் விரிக்கும்போது, அல்லது என்எஃப்எஸ் வழியாகத் திறக்கும்போது, வள்ளியின் சம்பளக் கணக்கு கண்ணன் பெயரில் நிற்கும். உண்மையில் கோப்பில் எதுவும் மாறவில்லை. வட்டில் இருந்தது 10000 என்ற எண் மட்டும்தான். அந்தத் தரவுக் கோப்பு பழுதானால் நிலைமை இன்னும் மோசம். எல்லாரும் மறுபடி புதிய வரிசையில் நின்று புதிய டோக்கன் வாங்குவார்கள்.

இதற்கு மருந்தாகப் பழைய பென்சில் கணக்கே வேறு வடிவில் திரும்பியது. ஆர்ஐடியோடு எல்லையின் தொடக்க எண்ணைக் கூட்டிவிடு. எல்லை 10000 என்றால் 1105 எப்போதும், எல்லாச் சர்வரிலும் 11105 ஆகும். ஒரு டொமைனுக்கு இது கச்சிதம். இரண்டாவது டொமைன் வந்தால் அதற்கு வேறு எல்லை வகுக்கவேண்டும், அதை எல்லாச் சர்வரிலும் மாறாமல் எழுதவேண்டும். எழுதுகிறவர் மனிதர்.

இன்னொரு தரப்பு வேறு யோசனை சொன்னது. எண்ணைக் கணக்குப் போட்டு வரவழைப்பானேன்? பொதுப் பேரேட்டிலேயே எழுதிவிடலாமே! ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லூக் ஹோவார்ட் 1998 மார்ச்சில் வெளியிட்ட ஆர்எஃப்சி 2307 என்ற ஆவணம், யூனிக்ஸ் ஆள் எண்ணையும் குழு எண்ணையும் எல்டிஏபி என்ற நெறிமுறை பேசும் பொது அடைவில் எந்தப் பெயரில் எழுதுவது என்று வகுத்தது. தலைப்பகுதியிலேயே அது ‘சோதனை முயற்சி’ என்று குறிக்கப்பட்டிருந்தது, இன்றுவரை தரமாக உயரவில்லை, ஆனால் உலகமே அதைத்தான் பின்பற்றுகிறது. 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-இன் ஆக்டிவ் டைரக்டரியும் எல்டிஏபி பேசும் அடைவுதான். ஆகவே பயனரின் எஸ்ஐடிக்குப் பக்கத்திலேயே அவரது யூனிக்ஸ் எண்ணும் உட்காரலாம். மைக்ரோசாஃப்ட் யூனிக்ஸ்காரர்களுக்காக விற்ற துணைத் தொகுப்பு முதலில் தன் சொந்தப் பெயர்களில் அந்த எண்களை வைத்தது. 2005-இல் முடிந்த விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2-இல் ஆர்எஃப்சியின் பெயர்களையே ஏற்றுக்கொண்டது. பயனர் விவரத்தில் ‘யூனிக்ஸ் அட்ரிபியூட்ஸ்’ என்று ஒரு பக்கமும் சேர்ந்தது. சர்வர் 2016-இல் அந்தப் பக்கத்தைக் கழற்றிவிட்டார்கள். கட்டங்கள் அடைவில் அப்படியே இருக்கின்றன, நிரப்புவதற்கான படிவம்தான் இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு நீதிமன்ற அத்தியாயமும் உண்டு. விண்டோஸ் 2000, எம்ஐடி உருவாக்கிய கெர்பரோஸ் முறையை அடையாளச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. அந்த முறை வழங்கும் நுழைவுச்சீட்டில் காலியாக விடப்பட்டிருந்த ஓர் இடத்தில், பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற எஸ்ஐடி பட்டியலைத் திணித்தது. நல்ல யோசனைதான், ஒரே சீட்டில் ஆளும் தெரியும், கூட்டமும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலின் அமைப்பை மைக்ரோசாஃப்ட் வணிக ரகசியம் என்ற நிபந்தனையோடுதான் 2000-இல் வெளியிட்டது. படிக்கலாம், ஆனால் படித்ததை வைத்து நிரல் எழுதக்கூடாது. விண்டோஸ் பணிக்குழு சர்வர்களோடு மற்றவர்கள் இணைந்து வேலை செய்யத் தேவையான விவரங்களை மைக்ரோசாஃப்ட் மறைக்கிறது என்று சன் நிறுவனம் ஏற்கெனவே 1998-இல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தது. 2004 மார்ச்சில் ஆணையம் 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2007 செப்டம்பரில் லக்சம்பர்க் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில், சாம்பா குழுவுக்காக உருவான அறக்கட்டளை ஒன்று ஒரே தவணையாக 10,000 யூரோ கட்டி அந்த விவரங்கள் அடங்கிய ஆவணங்களைப் பெற்றது. ஆக்டிவ் டைரக்டரியின் எஜமானாகவே நிற்கக்கூடிய சாம்பா 4.0 வந்தது 2012 டிசம்பரில்.

அந்தச் சாம்பா 4-இல்தான் நாற்காலிச் சிக்கலுக்கு ஒருவழியாகத் தீர்வு கிடைத்தது. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழு உரிமையாளராக உட்காரவேண்டுமா? அதற்கு 3000000 என்று ஓர் எண் கொடு. அந்த எண் ஆளாகவும் செல்லும், குழுவாகவும் செல்லும் என்று குறித்துவை. அர்த்தநாரி எண். தீர்வு பிரமாதம், ஆனால் அந்த எண்களை வைத்திருக்கும் கோப்பு டொமைனை நடத்தும் சர்வர்களான கன்ட்ரோலர்களுக்கிடையே தானாகப் பிரதியாவதில்லை. இரண்டாவது கன்ட்ரோலரில் 3000000 வேறு ஒருவராக இருக்கலாம். முதலாவதிலிருந்து அந்தக் கோப்பைக் கையால் நகலெடுத்து வைக்கவேண்டும். 2001-இன் டோக்கன் கடை மறுபடி திறந்துவிட்டது.

அதே 2012 வாக்கில் ரெட் ஹாட் பக்கத்திலிருந்து எஸ்எஸ்எஸ்டி என்ற நிரல் இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தது. இரண்டு லட்சத்தில் தொடங்கி, இரண்டு லட்சம் எண்கள் கொண்ட பத்தாயிரம் துண்டுகள். டொமைனின் எஸ்ஐடியை ஹேஷ் செய்து எந்தத் துண்டு என்று முடிவுசெய்யும், ஆர்ஐடி அதற்குள் இடம் பிடிக்கும். அட்மின் எதையும் எழுதவேண்டாம், எல்லாக் கணினியிலும் ஒரே விடை. ஆனால் வின்பைண்ட் தரும் விடையும் எஸ்எஸ்எஸ்டி தரும் விடையும் ஒன்றல்ல. ஒரே அலுவலகத்தில் ஒரு சர்வர் அதையும் மற்றொன்று இதையும் ஓட்டினால் வள்ளி மறுபடி இரண்டு ஆள். இவ்வளவு புத்திசாலிகள் இத்தனை வருடம் உழைத்தும் ஒரு பொதுச் சூத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் பெரிய வெட்கம்.

இனி 197121. விண்டோஸுக்குள்ளேயே யூனிக்ஸ் நிரல்களை ஓடவைக்க 1990-களின் நடுவில் சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்தது சிக்வின். அதற்கும் ஒரு பாஸ்வேர்டு கோப்பும் குழுக் கோப்பும் தேவைப்பட்டன. விண்டோஸ் கணக்குகளிலிருந்து அவற்றைத் தயாரித்துக் கொடுக்க இரண்டு கட்டளைகள் இருந்தன. நீளமான எஸ்ஐடியை அந்தப் பேரேட்டில் எங்கே எழுதினார்கள் தெரியுமா? குழுவின் எஸ்ஐடி, அங்கே சும்மா கிடந்த கடவுச்சொல் கட்டத்தில். ஆளின் எஸ்ஐடி, ஜெகோஸ் கட்டத்தில். வேறொரு கணினியில் நான் யார் என்று சொல்வதற்காக மர்ரே ஹில்லில் ஒதுக்கிய அதே கட்டம், கால் நூற்றாண்டு கழித்து அதே வேலைக்குத் திரும்பி வந்தது.

2015-இல் சிக்வின் அந்தக் கோப்புகளைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டு, முழுக்கக் கணக்குக்கு மாறியது. கணினியோடு பிறந்த எஸ்-1-5-32 வகைக் குழுக்களுக்கு ஆர்ஐடியே எண், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்றால் 544. அந்தக் கணினியின் சொந்தக் கணக்கு என்றால் ஆர்ஐடியோடு 196608 கூட்டு. சேர்ந்திருக்கும் டொமைனின் கணக்கு என்றால் 1048576 கூட்டு. சிக்வினின் நிரல்வழியில் வந்ததுதான் கிட் பேஷ். அதனால் வீட்டுக் கணினியில் நீங்கள் உருவாக்கிய கணக்கின் ஆர்ஐடி 1001 என்றால் உங்கள் ஆள் எண் 197609. டொமைனில் சேர்ந்த அலுவலகக் கணினி என்றால் உங்கள் குழு எண் 1049089 ஆக இருக்கும்.

2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்டே கொண்டுவந்த டபிள்யூஎஸ்எல், பொருத்தம் பார்க்கும் வேலையையே விட்டுவிட்டது. உள்ளே ஓடும் லினக்ஸில் முதல் பயனருக்கு 1000 என்று எண், வெளியே இருக்கும் விண்டோஸ் கணக்குக்கும் அதற்கும் உறவே இல்லை. விண்டோஸ் வட்டிலிருக்கும் கோப்புக்கு லினக்ஸ் உரிமையாளரை மாற்றவேண்டுமென்றால், அதற்கான தெரிவை இயக்கியிருந்தால், கோப்பின் ஓரத்தில் ஒரு கூடுதல் குறிப்பாக அந்த எண் ஒட்டப்படும். விண்டோஸ் அதைப் படிப்பதில்லை.

197121-இல் 196608-ஐக் கழித்தால் 513. டொமைனில் 513 என்பது ‘டொமைன் பயனர்கள்’. டொமைன் எதிலும் சேராத தனிக் கணினியில் அப்படி ஒரு கூட்டமே கிடையாது. ஆனாலும் முதன்மைக் குழு என்று ஒன்றைக் காட்டியாகவேண்டுமே என்று விண்டோஸ் அங்கேயும் 513-ஐ வைத்திருக்கிறது. அதற்கு அது வைத்த ஆங்கிலப் பெயர் ‘நன்’, தமிழில் ‘எதுவுமில்லை’.